கீழ் ஸ்பீக்கர்

இது நடந்தது. விழுப்புரத்தில் தொடங்கித் திண்டிவனத்தில் முடிந்தது. 1984, ஆடி மாதம். இதில் ஒரு திருகாணிகூடக் கூடுதலாகச் சேர்த்து முடுக்கவில்லை. சவுரிராயன் இன்றைக்கும் இருக்கிறான். அந்த பேஸ் கிடாரும் இருக்கிறது. அதன் நாலாவது தந்தி கட்டுகிற இடத்தில், உலோகத்தில் நீலம் பாய்ந்த ஒரு கறை இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

முதலில், அவனால் தீர்க்க முடியாமல் போன அந்தச் சின்னச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும்.

சக்கரபாணி மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன் சவுரிராயன். வயது இருபத்து மூன்று. விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டைக் கிடங்கின் மாடியில் குழு ஒத்திகை பார்க்கும். அவனுடைய கிடார் ஒரு பெரிய மரப்பெட்டியோடு இணைந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள்தான் ஆம்ப்ளிபையர். அதன் முகத்தில் துணிக்குப் பின்னால் மேலே ஒரு ஸ்பீக்கர், கீழே ஒரு ஸ்பீக்கர். பழைய பெட்டி. சுவிட்சைப் போட்டதும் மேல் ஸ்பீக்கர் இரையத் தொடங்கும். 'ம்ம்ம்' என்று, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். பழைய பெட்டிகள் பலவும் இரையும். அது சிக்கல் இல்லை.

சிக்கல் கீழ் ஸ்பீக்கரில் இருந்தது. பல்லவி திரும்ப வரும்போது சவுரிராயனும் கூடச் சேர்ந்து பாட வேண்டும். அதற்காக அவன் மைக்கை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். கீழ் ஸ்பீக்கரிலிருந்து வேறொரு இரைச்சல் வரும். பின்னால் வந்துவிட்டால் நின்றுவிடும்.

அந்த இரைச்சல் ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதுதான் அவனைக் குழப்பியது. நம் கரண்ட் விநாடிக்கு ஐம்பது சுற்று சுற்றுகிறது. அந்தக் கணக்கு மாறாதவரை அதனால் வரும் இரைச்சலின் சுருதியும் மாறாது. காலையில் கேட்டாலும் அதே சுருதி, சாயங்காலம் கேட்டாலும் அதே சுருதி. ஆனால் இது இறங்கியது. தடித்த நாலாவது தந்தியில் விரலை அழுத்தி, கிடாரின் தலைப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனால் எப்படி இறங்குமோ, அப்படி.

ம்ம்ம்... ஊஊம்... ஓஓம்.

கரண்டுக்கு விரல் ஏது?

சவுரிராயன் ஒயரை மாற்றிப் பார்த்தான். சொருகும் இடத்தில் ஈயம் புதிதாக வைத்துப் பார்த்தான். டியூப்லைட்டை அணைத்தான், ஃபேனை நிறுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் இருந்தது பெட்டியைத் திறப்பது மட்டும்தான். அதன் பின்பலகையின் திருகாணிகளில் ஸ்குரூடிரைவர் பிடிக்கவில்லை. தலைகளை யாரோ அரத்தால் வழித்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள். சக்கரபாணியைக் கேட்டால், உள்ளே எல்லாம் பழசு, தொட்டால் உடைந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னால் சவுரிராயனுக்கு அது வேதவாக்கு. திண்டிவனத்தில் ஒரு மாதாகோவில் திருவிழாவில் அவன் வாசித்ததைக் கேட்டு, அழைத்து வந்தவர் அவர்தான். இந்த பேஸைக் கையில் கொடுத்து, இனிமேல் இது உன்னுடையது என்றவர். ஒத்திகை முடிந்தால் அவர் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. கூடப் பிறந்த அண்ணனைக்கூட அவன் அப்படி நம்பியதில்லை. முன்பு பேஸ் வாசித்தவன் பெயர் கண்ணையன் என்றும், அவன் துபாய்க்குப் போய்விட்டான் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஒருமுறை சவுரிராயன் கண்ணையனின் விலாசம் கேட்டான், இந்த இரைச்சலைப் பற்றி எழுதிக் கேட்கலாம் என்று. சக்கரபாணி சிரித்தார். அவன் எங்கே கடுதாசி போடுகிறான் என்றார். அப்போது டிரம்ஸ் வாசிக்கும் சின்னதுரை சிரிக்கவில்லை.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பாடகி அம்சா மைக்கின் தலையில் கைக்குட்டையைச் சுற்றித்தான் பாடும். சக்கரபாணி ஆர்கன் வாசிக்கும்போது காலுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்வார். சின்னதுரை மேடையில்கூட ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டான்.

"டேய், மேடைக்கு வந்தியா, கக்கூஸுக்கு வந்தியா?" என்று சக்கரபாணி அவனைக் கேலி பண்ணுவார். எல்லாரும் சிரிப்பார்கள். சவுரிராயனும் சிரிப்பான். அவன் மட்டும் வெறுங்காலோடு நிற்பான். மேடையில் செருப்போடு ஏறக் கூடாது என்று பழகியவன்.

இன்னொரு விஷயமும் நடக்கத் தொடங்கியது. ராத்திரி சுருதி சேர்த்து வைத்த கிடாரைக் காலையில் எடுத்தால், நாலாவது தந்தி மட்டும் தொங்கிக் கிடக்கும். தந்தி தானாகக் கொஞ்சம் தளரும். ஆனால் இது அப்படி இல்லை. திருகை நாலைந்து முறை முழுசாகச் சுற்றினால்தான் அவ்வளவு தளரும். பூட்டிய அறை. சாவி சவுரிராயனின் இடுப்பில்.

ஆடி மூன்றாம் வெள்ளி திண்டிவனத்தில் அம்மன் கோவில் கச்சேரி. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கேசட் கடைக்காரர் வந்து பதிவு பண்ணப் போகிறார் என்று செய்தி வந்தது. சக்கரபாணி சவுரிராயனைத் தனியாகக் கூப்பிட்டார். கேசட்டில் இந்த இரைச்சல் விழுந்தால் குழுவின் பெயர் போய்விடும். அதற்குப் பதிலாக பேஸே இல்லாமல் வாசித்துவிடலாம் என்றார். கோபமில்லாமல், தோளில் கை போட்டபடிதான் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. அந்த மேடையைத் தவிர அவனுக்கு வேறு வாழ்க்கை இல்லை. இரைச்சல் போக வேண்டும், இல்லையென்றால் அவன் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை. விக்கிரவாண்டியைத் தாண்டும்போது வேனில் பேச்சு திடீரென்று நின்றுபோனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஊர் தாண்டியதும் மறுபடி பேச்சு தொடங்கியது. சவுரிராயன் அதைக் கவனித்தான். ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடையில் எல்லாவற்றையும் இணைத்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மேல் ஸ்பீக்கர் வழக்கம்போல இரைந்தது. சவுரிராயன் மைக் பக்கம் போனான். கீழ் ஸ்பீக்கர்... ம்ம்ம், ஊஊம். இந்த முறை முன்னைவிடச் சத்தமாக.

"நகரு. நான் பாக்கறேன்," என்றார் சக்கரபாணி.

பாக்கெட்டிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். ஐந்தே நிமிடம். பிளக்கைத் திரும்பச் சொருகினார். சுவிட்சைப் போட்டார்.

அமைதி.

மேல் ஸ்பீக்கரில் ஒரு பொட்டு இரைச்சல்கூட இல்லை. பத்து நாட்களாகத் தூங்காத சவுரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. சக்கரபாணியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்காடா இத்தினி நாளு அழுதுகினு இருந்த?" என்று அவர் அவன் முதுகில் தட்டினார்.

கிடாரை மாட்டிக்கொண்டான். தந்தியைத் தொட்டதும் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. சந்தோஷத்தில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்சா கைக்குட்டையை எடுத்து மைக்கில் சுற்றியது. இன்றைக்கு இரண்டு மடிப்பாகச் சுற்றியது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து சின்னதுரை சவுரிராயனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செருப்ப போட்டுக்க," என்றான் மெதுவாக.

"மேடையிலயா?"

சின்னதுரை வாயைத் திறந்தான். சக்கரபாணி திரும்பிப் பார்த்தார். சின்னதுரை வாயை மூடிக்கொண்டான்.

சவுரிராயன் தன் மைக்கை நோக்கிப் போனான். இன்னும் இரண்டு அடி. மணி 5.42.

கரண்ட் போய்விட்டது.

தெருவில் ஒலித்துக்கொண்டிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் நின்றன. சீரியல் பல்புகள் அணைந்தன. ஜெனரேட்டர் இன்னும் வந்து சேரவில்லை. ஆர்கன் செத்தது. மைக் செத்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கி, மங்கி, அணைந்தது.

அப்போது கீழ் ஸ்பீக்கர் ஒலித்தது.

ம்ம்ம்... ஊஊம்... ஓஓம்.

சவுரிராயன் பிளக் பலகையைப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். கரண்ட் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய்த் துணியின்மேல் உள்ளங்கையை வைத்தான். துணி அதிர்ந்தது.

ம்ம்ம்... ஊஊம்.

சின்னதுரையின் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

சவுரிராயன் பின்வாங்கினான். பின்வாங்கியதில் மைக் ஸ்டாண்ட் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. சத்தம் பெரிதானது.

கிரிக்...

கிடாரின் தலையில் நாலாவது திருகு சுற்றியது. தானாக.

கிரிக்... கிரிக்...

தந்தி தளர்ந்து தொங்கியது.

பிறகு விரல்கள்.

அவனுடைய இடது கை கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையின்மேல் இன்னொரு கை. ஈரமான கை. சுண்டு விரலைப் பிரித்தது.

மோதிர விரலைப் பிரித்தது.

நடு விரல்...

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிடாரின் வார் தோளிலிருந்து கழன்றது.

அவன் துள்ளி விலகினான்.

கிடார் சரிந்து மைக் ஸ்டாண்டின்மேல் சாய்ந்தது. தொங்கிய நாலாவது தந்தி இரும்பில் பட்டது.

மணி 5.44. கரண்ட் வந்தது.

பட்டென்று ஒரு நீல வெளிச்சம். தந்தி அறுந்து சுருண்டது. புகை. கருகிய நாற்றம். மைக் ஸ்டாண்ட் ஒரு குதி குதித்துக் கீழே விழுந்தது.



தந்தி என்பது கிடாரோடு முடிந்துவிடுவதில்லை. அது கிடாரின் உடலில் பாலம் என்கிற இரும்புத் தகட்டில் கட்டியிருக்கிறது. பாலத்திலிருந்து ஒயர் வழியாக ஆம்ப்ளிபையரின் இரும்புச் சட்டத்துக்குத் தொடர்பு இருக்கிறது. தந்தியைத் தொட்டால் அந்த இரும்பைத் தொட்ட மாதிரி. மைக்கின் இரும்போ வேறொரு ஒயர் வழியாக மண்ணோடு தொடர்புள்ளது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு உதட்டால் மைக்கைத் தொட்டிருந்தால், அந்த நீல வெளிச்சம் சவுரிராயனின் உடம்புக்குள் பாய்ந்திருக்கும்.

அவன் மெயின் சுவிட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கித் திறந்தான். மூன்று கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எர்த் கம்பியின் முனை பிளேடால் வெட்டப்பட்டு, மேலே டேப் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பழைய வெட்டும் தெரிந்தது. ஒருமுறை வெட்டி, பிறகு சேர்த்துக் கட்டி, இன்றைக்கு மறுபடி வெட்டியிருக்கிறார்கள்.

"கண்ணையன் துபாய் போவல," என்றான் சின்னதுரை. தரையைப் பார்த்தபடியே சொன்னான். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, விக்கிரவாண்டி கச்சேரியில. இதே கிடாரு, இதே பொட்டி. அன்னிக்கும் எரைச்சல் வருதுன்னு எர்த்த வெட்டினாரு. பாட்டு முடியறப்போ கண்ணையன் நாலாவது தந்தியில இப்புடித்தான் இழுத்துகினே எறங்குவான். அன்னிக்கு எறங்கிகினே மைக்குல வாய வச்சான்."

சவுரிராயன் அம்சாவைப் பார்த்தான். அது மைக்கிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து, நாலாக மடித்து, பைக்குள் வைத்தது. கைக்குட்டை, ரப்பர் விரிப்பு, செருப்பு. ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். எதற்கு என்று அவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"துபாய்னு சொன்னீங்களேண்ணா," என்றான்.

"சொல்லியிருந்தா நீ வாசிச்சிருப்பியா?" என்றார் சக்கரபாணி. "அன்னிக்கு மழைடா. தரையெல்லாம் ஈரம். இன்னிக்குக் காஞ்சிதான கெடக்குது."

முதுகில் தட்டிய அதே கை, அவர் மடியில் சும்மா கிடந்தது.

சவுரிராயன் மேடையை விட்டு இறங்கினான். பந்தல் போட்டவர்களிடம் ஒரு கடப்பாறை வாங்கி வந்து பின்பலகையை நெம்பினான். பலகை பிளந்து கழன்றது.

கீழ் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் கரிக்கட்டையாக இருந்தது. அதற்குப் போகும் இரண்டு ஒயர்களும் வெட்டப்பட்டுத் தனியாகத் தொங்கின.

"அது அன்னிக்கே எரிஞ்சுபோச்சு," என்றான் சின்னதுரை. "ஒயர நான்தான் அறுத்துவுட்டேன். ரெண்டு வருசமா அதுல கனெக்சனே இல்ல."

ஸ்பீக்கரின் கூம்பைச் சட்டத்தோடு சேர்த்துச் சிலந்தி வலை கட்டியிருந்தது. பழைய வலை. தூசி படிந்த வலை. கூம்பு ஒரு நூலளவு ஆடியிருந்தால்கூட அறுந்திருக்கும்.

ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

கிடாரையும் பெட்டியையும் சவுரிராயன் எடுத்துக்கொண்டு போனான். சக்கரபாணி தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் அவன் வாசிக்கவில்லை.

அந்த மேல் ஸ்பீக்கர் இரைச்சலுக்குக் காரணத்தை அவன் பிறகு கண்டுபிடித்தான். பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்பார்மரில் கம்பிச் சுற்றின் காப்பு உரிந்துபோயிருந்தது. அதனால் கரண்ட் இரும்புச் சட்டத்துக்குக் கசிந்தது. எர்த் கம்பி அந்தக் கசிவைப் பத்திரமாக மண்ணுக்கு இறக்கியது. இறங்கும்போதுதான் இரைந்தது. எர்த்தை வெட்டினால் இரைச்சல் நிற்கும். கசிவு நிற்காது; தந்தியில் வந்து காத்திருக்கும். கீழ் ஸ்பீக்கர் எதனால் ஒலித்தது என்பதற்கு மட்டும் இன்றுவரை அவனிடம் விளக்கம் இல்லை. அதன் ஒயரை அவன் திரும்ப இணைக்கவில்லை. அது பிறகு ஒலிக்கவும் இல்லை. நாலாவது தந்தியும் தளர்வதில்லை.

டிரான்ஸ்பார்மரை விழுப்புரத்திலேயே ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கினான். அரை நாள் வேலை. புது பிளக்கில் மூன்று கம்பிகளையும் முடுக்கினான். இரைச்சல் நின்றுவிட்டது.