கொண்டல் என்றால் மேலே ஏறு

ஷார்ஜாவில் எங்கள் கல்லூரிக்கும் அடுத்த கல்லூரிக்கும் நடுவே ஒரே ஒரு ரவுண்டானாதான். காலையில் இரண்டு கல்லூரி பஸ்களும் அங்கே சேர்ந்து சிக்கிக்கொண்டால் ஜன்னலுக்கு ஜன்னல் கூச்சல் கிளம்பும். பெண்கள் கால்பந்தில் அவர்களை நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, டிராகூடச் செய்ததில்லை. போன வருஷம் நான்கு கோல் வாங்கினோம். அதில் இரண்டு, நான் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போனது. நான் நடுவில் நிற்கிற டிஃபெண்டர்.

இந்த வருஷம் விடக்கூடாது என்று செமஸ்டர் தொடங்கியதுமே பயிற்சியை ஆரம்பித்துவிட்டோம். அந்தியில் மஃரிப் பாங்கு முடிந்த பிறகுதான் மைதானத்துக்குள் விடுவார்கள். அப்போதும் செயற்கைப் புல்லின் சூடு ஷூவைத் தாண்டி உள்ளங்காலைச் சுடும். இரண்டு சுற்று ஓடினாலே பனியனைப் பிழியலாம். எங்கள் கோச் துனிசியாப் பெண்மணி, சிரிக்கவே மாட்டார். யாராவது இடுப்பில் கை வைத்து நின்றால் போதும், "யல்லா!" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும்.

எங்களிடம் புதிதாக ஒரு கோல்கீப்பர் சேர்ந்திருந்தாள். இலங்கை மன்னார்க்காரி. நான் கன்னியாகுமரிக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து, ஐந்து வயதிலிருந்து ஷார்ஜாவில் வளர்ந்தவள். மைதானத்தில் எல்லாருக்கும் இங்கிலீஷ்தான். ஆனால் அவசரத்தில் யாருக்கு இங்கிலீஷ் வரும்? ஒருநாள் பயிற்சியில் எங்கள் தலைக்கு மேலே பந்தை அனுப்ப ஒருத்தி காலை ஓங்கியபோது, பின்னாலிருந்து அவள், "ஏறடி! கெதியா ஏறு!" என்று கத்தினாள். யோசிக்காமல் நான் முன்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எதிர்ப்பக்கப் பெண் தனியாக மாட்டிக்கொண்டாள். உதைக்கும்போதே எங்களைத் தாண்டி நின்றதால் ஆஃப்சைட்.

அதை எங்கள் கேப்டன் பார்த்துவிட்டாள். அவள் எகிப்துக்காரி, கடைசி வருஷம், இந்த ஒரு ஆட்டத்துக்காகவே உயிரோடு இருப்பவள்போல் அலைவாள். "அவள் என்ன கத்தினாள்? உடனே எல்லாருக்கும் சொல்லிக் கொடு" என்றாள்.

எதிரணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அரபுப் பெண்கள். தமிழ் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் எங்கள் டிஃபென்ஸ் முழுக்கத் தமிழ் பேச ஆரம்பித்தது. 'ஏறு' என்றால் எல்லாரும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். 'இறங்கு' என்றால் பின்னால். வலது பக்கம் நின்ற மலையாளிப் பெண்ணுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் நின்ற பாலஸ்தீனப் பெண்தான் பாடுபட்டாள். 'ஏறு' அவள் வாயில் 'யேரூ' ஆனது. நூலகத்தில், கேன்டீனில், லிஃப்டில் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் "யேரூ!" என்று கத்தி, ஒரு அடி முன்னால் குதித்துக் காட்டுவாள். இரண்டு வாரத்தில் எங்கள் பயிற்சி ஆட்டங்களில் கோல் விழுவதே குறைந்துவிட்டது. எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை அம்மா டியூட்டி முடிந்து வந்தார். அம்மா நர்ஸ். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மக்ளே, எங்கூட வேல பாக்குற மதுரைக்கார சிஸ்டருக்க மக அந்தக் காலேஜ்லதான் சேந்திருக்காளாம். உங்களுக்கு எதிரா பந்து ஆடுகாளாம். நல்லா ஓடுவாளாம், கேட்டியா" என்றார்.

நான் அப்படியே நின்றேன்.

"எதுக்கு இப்பிடி முழிக்க?"

"அம்மா, அவளுக்குத் தமிழ் தெரியும்லா!"

"மதுரைக்காரிக்குத் தமிழ் தெரியாம பின்ன?"

உடனே கோல்கீப்பருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "கடவுளே, இனி என்னடி செய்யிறது?" என்றாள்.

மறுநாள் கேப்டன் ஒரு யோசனை சொன்னாள். சொற்களை மாற்றிப் போட்டுவிடலாம். 'ஏறு' என்றால் இறங்குவது, 'இறங்கு' என்றால் ஏறுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தில் இறங்கினால் பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால். நானும் பாலஸ்தீனப் பெண்ணும் நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டோம். வரிசையாகக் கோல் விழுந்தது. கோச் விசிலை எடுத்து, "கலாஸ்! போதும்! இனி எல்லாரும் இங்கிலீஷ் பேசுங்கள்" என்றார்.

நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு கோல்போஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்பாவுக்கு அனுப்புவதை எங்கள் குடும்ப குரூப்பிலேயே போட்டுவிடுவார். 'இன்னிக்குக் கச்சான் சாஸ்தி, கடலுக்குப் போகல' என்று. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கோல்கீப்பர் திரும்பினாள்.

"நீங்களும் கச்சான் எண்டுதான் சொல்லுவியளோ?"

"ஆமா. மேற்கேருந்து வர காத்து. கிழக்கேருந்து வந்தா கொண்டல்."

"எங்கட அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுவார். ஆனா கச்சான் எண்டா எங்களுக்கு வறுத்த நிலக்கடலையும்தான்" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மதுரையில கடல் இருக்கோ?"

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். கேப்டனிடம் மூச்சு வாங்கச் சொன்னோம். 'கொண்டல்' என்றால் ஏற வேண்டும். 'கச்சான்' என்றால் இறங்க வேண்டும். பழைய சொல்லைத் திருப்பிப் போடுவது இல்லை இது, புத்தம் புதுச் சொல். கேப்டன் கோச்சிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்கினாள். அந்த ஒரு நாளே போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை அவர்கள் மைதானத்தில் ஆட்டம். பாதி ஷார்ஜாவே வந்திருந்தது போல் இருந்தது எனக்கு. தர்பூக்கா மேளம் தட்டுகிறவர்கள், கொடி பிடிக்கிறவர்கள், யூனிஃபார்மோடு நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா. மதுரைப் பெண் ஒல்லியாக, உயரமாக இருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னக்கா, நல்லாருக்கீங்களா? அம்மா சொன்னாங்க உங்களப் பத்தி" என்றாள். குரலில் அவ்வளவு மரியாதை. கண்ணில் அவ்வளவு குறும்பு.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் பாலஸ்தீனப் பெண் பதற்றத்தில் பழைய சொல்லைக் கத்திவிட்டாள். "யேரூ!" நாங்கள் ஏறினோம். மதுரைப் பெண்ணும் சிரித்துக்கொண்டே எங்களோடு ஏறினாள். பந்து அவள் அணித் தோழியின் காலைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் எங்களைத் தாண்டி ஓடினாள். அழகான ஓட்டம் அது, எதிரியாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் பாலஸ்தீனப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். கோல்கீப்பர் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இங்கிலீஷில், "என்னைப் பார். காற்றின் பெயரைச் சொல்லு" என்றாள். "கொண்டல்," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் நால்வர் வரிசை ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர்ந்தது. "கொண்டல்!" என்றதும் ஏறுவோம். மதுரைப் பெண் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாள், ஆஃப்சைட் கொடி உயரும். "கச்சான்!" என்றதும் இறங்குவோம். அவள் ஓட இடம் இருக்காது. மூன்றாவது முறை கொடி உயர்ந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு தமிழ்க்கா?"

"ஆட்டம் முடியட்டும், சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்கக்கா, தாங்கல!"

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோச் என்னை நோக்கிக் கையை வீசினார், போ என்று. நான் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. எங்கள் கோலிலிருந்து, "போடி! பயப்பிடாதை, போ!" என்று கோல்கீப்பர் கத்துவது கேட்டது. கேப்டன் அடித்த பந்து வளைந்து வந்தது. கண்ணை மூடாமல் குதித்தேன். ஐஸ் வைத்த அதே நெற்றி. பந்து குறுக்குக் கம்பியில் மோதிக் கீழே விழுந்தது. என் மனசும் அதோடு விழுந்தது. ஆனால் எங்கள் மலையாளிப் பெண் எப்போது அங்கே வந்தாளோ தெரியாது, முழங்காலால் அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு விசில் ஊதும்வரை என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கத்தினேன், ஓடினேன், கத்தினேன். விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. கோல்கீப்பர் மைதானம் முழுக்க ஓடி வந்து என்மேல் விழுந்தாள். அவள்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். மூச்சு முட்டியது. அடியிலிருந்து பார்த்தால் கோச் தெரிந்தார், இரண்டு கையையும் விரித்துப் புல்லில் மல்லாந்து கிடந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில், ஐந்து பாஷையில், அந்தக் கோலைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். யாரும் யார் சொல்வதையும் கேட்கவில்லை. பெஷாவர்க்காரரான டிரைவர் பாய் கண்ணாடியில் பார்த்து, ஜெயித்தாச்சா என்ற அர்த்தத்தில், "ஜீத் கயே க்யா?" என்று கேட்டார்.

"இல்லை பாய், டிரா."

"டிராவுக்கா இவ்வளவு சத்தம்?"

 கேப்டன் சீட்மேல் ஏறி நின்று கூரையைத் தட்டத் தொடங்கினாள், நாங்களும் தட்டினோம். டிரைவர் பாய் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, ரவுண்டானா முழுக்க ஹாரனை அழுத்திக்கொண்டே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினார்.