மெஷின் விலையில் மாமியாரின் முழங்கால்

அட்டைப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்குக் கறார் அக்கா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அட்வான்ஸ் கேட்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட எவனாவது ஒருத்தனாக இருக்கும். பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே முகம். அவளிடம் சிரித்தால் அதற்கும் ரசீது கேட்பாள் என்று பட்டறையில் பேச்சு.

முதலாளி கடன் வாங்கிப் புதிதாக அட்டை வெட்டும் மெஷின் ஒன்றை இறக்கினார். இறக்கும்போது கிரேன்காரர் தவறவிட்டதில் பக்கத் தகடு நெளிந்து, அதைத் தட்டி நிமிர்த்த வேண்டியதாயிற்று. ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்த கையோடு முதலாளி ஒரு கட்டு பில்லை அவள் மேஜையில் போட்டார்.

"எல்லாத்தையும் மெஷின் விலையிலயே ஏத்திடும்மா. செலவுன்னு எழுதினா லாபம் படுத்துடும். பேங்க்காரன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

அவள் பில்களைப் பிரித்தாள். லாரி வாடகை, அடியில் போட்ட கான்கிரீட், கரண்ட் இணைப்பு எல்லாம் மெஷினை வேலைக்கு நிறுத்த ஆனவை. விலையோடு சேரும், வருடாவருடம் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். தகடு நிமிர்த்திய கூலி சேராது. அது கீழே போட்ட தண்டம், இந்த வருடச் செலவு. கடைசி பில்லில் அவள் கை நின்றது.

"சார், இது எலும்பு டாக்டர் பில்லு."

"மெஷினப் பார்க்கப் போனப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போனேன்ல. ஒரே பயணம்தானே?"

"அவங்க முழங்கால் அட்டை வெட்டுமா சார்?"

முழங்கால் முதலாளியின் சொந்தக் கணக்கில் ஏறியது. லாபம் குறைந்தது, பேங்க்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறக்கிக்கொண்டார். முதலாளி இறக்கவில்லை. மாடி ஆபீஸில் இருந்த அவளுடைய மேஜையைக் கீழே பட்டறைக்குத் தள்ளி, மெஷினுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். "பக்கத்துலயே இருந்து அதோட விலையப் பார்த்துக்கம்மா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

அன்று அவள் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அட்டைத் தூசிக்கு நடுவே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது: மெஷின் ஓடவே இல்லை. நாலு தாள் வெட்டும், ஐந்தாவதை மென்று துப்பும். விற்ற கம்பெனியிலிருந்து மெக்கானிக்குகள் வருவதும் தலையைச் சொறிவதும் போவதுமாக இருந்தார்கள். மெஷின் வேலைக்குத் தயாரான நாளிலிருந்துதான் தேய்மானம் எழுத வேண்டும். அந்த நாள் எது என்று தெரிய, அவள் ஒரு நோட்டுப் போட்டாள். என்ன சிக்கியது, யார் வந்தார், என்ன செய்தார் என்று தினமும் எழுதி, வந்தவரிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று ஒரு மெக்கானிக் முனகினார்.

"தலையச் சொறிஞ்சதுக்கு அத்தாட்சி வேணாமா? போடுங்க."

நோட்டுப் போட்ட எழுபத்து மூன்றாம் நாள் மெஷின் ஒழுங்காக வெட்டியது. அந்தத் தேதியைக் கணக்கில் ஏற்றினாள்.

மெஷின் வந்து பதின்மூன்றாவது மாதம் மோட்டார் எரிந்தது. வாரண்டி ஒரு வருடம் முடிந்துவிட்டது என்று விற்ற கம்பெனி ஆள் கைவிரித்தார். ஒப்பந்தத்தில், ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் என்று இருந்தது. அவரோ அன்றைக்கே ஓடியது என்று ரிப்பன் வெட்டிய போட்டோவை நீட்டினார். அதில் முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கறார் அக்கா நோட்டைத் திறந்து வைத்தாள். எழுபத்து மூன்று நாள் கதை. அவர்கள் ஆட்களே போட்ட கையெழுத்து. கம்பெனி ஆள் நாலு பக்கம் புரட்டிவிட்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். அடுத்த வாரம் புது மோட்டார் சும்மாவே வந்து இறங்கியது.

முதலாளி பட்டறைக்கு வந்து தொண்டையைச் செருமினார். "மேஜைய மேல கொண்டுபோகச் சொல்லட்டுமாம்மா?"

"சம்பளம் எவ்வளவு ஏத்துவீங்க சார்?"

அவர் ஒரு தொகை சொன்னார். அவள் வேறொன்று சொன்னாள். முதலாளி பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.