பேய்கள் வலை பொத்துவதில்லை

சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு யூடியூப் சேனல் நடத்துகிறவன் பொய்யன். வெளிநாட்டிலிருந்து எவனும் அவனுக்கு ரகசியம் எதையும் சொல்லவில்லை. சொன்னது நான். அவன் எதிரில் நின்று, போர்டில் படம் போட்டு, வாய் வலிக்கச் சொன்னேன். அவன் பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். நாங்கள் விளையாடுவது ஒரு போர் விளையாட்டு. விரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் வீரர்கள். கை தனியாக, தலை தனியாக வரும். ஒட்டி, பெயின்ட் அடித்து, படையாக நிறுத்த வேண்டும். டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். அதற்கென்று ஒரு கற்பனை உலகம் இருக்கிறது. மலை நாட்டுக்காரர்கள், காட்டுக்காரர்கள், எலும்புப் படை என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கதை. விளையாட்டைத் தயாரிக்கிற வெளிநாட்டுக் கம்பெனி அவ்வப்போது ஒரு புத்தகம் போடும், புதிதாக ஒரு படையை இறக்கும். அது எந்தப் படை என்று கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் உலகம் பூராவும் எங்களைப் போன்ற ஆட்கள் அந்தப் புத்தகங்களை வரி வரியாகத் தோண்டி யூகம் செய்துகொண்டிருப்பார்கள். விளையாடுவதைவிட இதில்தான் நேரம் அதிகம் போகும். வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு இந்தப் பைத்தியம் சிதம்பரத்தில் கெமிஸ்ட்ரி படித்தபோது பிடித்தது. இப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். வீடு கடலோரக் குப்பத்தில். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். நான் வீட்டில் உட்கார்ந்து வீரர்களுக்குப் பெயின்ட் அடித்தால் அண்ணிக்கு ஒரே சிரிப்பு.

"என்னா புள்ள, கொலு வைக்கப் போறியா? நவராத்திரிக்கு இன்னும் நாள் கெடக்கு."

"இது ஆர்மி அண்ணி."

"ஆர்மின்னா சம்பளம் வரணுமே. ஒனக்குல்ல செலவாவுது?"

ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் பஸ் ஏறி சிதம்பரம் போய்விடுவேன். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டர் மாடி. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் அதுதான் எங்கள் போர்க்களம். வருகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். எல்லோருக்கும் நான் கடலூர் அக்கா. சேனல்காரனும் அங்கேதான் பழக்கம். என்னைவிடச் சின்னவன். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறவர்கள் குறைவு என்பதால் அவனுக்குப் பார்வையாளர்கள் நிறைய.

இப்போது நான் சொன்ன யூகத்துக்கு வருகிறேன்.

மலை நாட்டுப் படையில் ஒரு வீரன், ஜெயித்துக் கொண்டுவந்த பொருள்போல ஒரு மீன்வலையைத் தோளில் போர்த்தியிருப்பான். அந்த வலை யாருடையது? புத்தகத்தில் அந்த வலைக்காரர்களைப் பற்றி அங்கங்கே ஒரு வரிதான் வரும். கோட்டைக்குக் கருவாடும் உப்பும் கொண்டுவந்தார்கள். இப்போது வருவதில்லை. துறைமுகத்துக் கதவு மூடிக் கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க முடிவு கட்டிவிட்டார்கள்: அவர்கள் கடலில் முங்கிச் செத்த கூட்டம், அடுத்து வரப்போவது ஒரு பேய்ப் படை. ஒருத்தன் விடாமல் எல்லோரும் இதையே சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடலோர ஆட்கள் என்றால் செத்தால்தான் கதையில் இடமா?

அந்த வீரனுக்குப் பெயின்ட் அடிக்கும்போதுதான் பார்த்தேன். வலையில் ஒரு மூலையில் மட்டும் கண்கள் சின்னதாக, நூல் தடிப்பாக இருந்தது. கிழிந்து, மறுபடி முடிச்சுப் போட்டுப் பொத்தின இடம். வலை பொத்துகிற கைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அச்சில் வந்த பிசிறு இல்லை அது, முடிச்சு முடிச்சாகச் செதுக்கியிருந்தார்கள். பேய் எதற்கு வலையைப் பொத்தப் போகிறது? திரும்பக் கடலுக்குப் போகிறவன்தான் பொத்துவான்.

அதன் பிறகு புத்தகங்களை எல்லாம் மறுபடி எடுத்தேன். 'அவர்கள் வரவில்லை' என்று எழுதியிருக்கிற இடங்களில் எல்லாம் ஒரே திசைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒரு இடம்கூட விலகவில்லை. காற்று மாறியதால் படகு வரவில்லை, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊர்க் கரையில் படகுகள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் செத்துப்போனார்கள் என்று எவனாவது எழுதுவானா? வரப்போவது உயிரோடு இருக்கிற ஒரு கடல் ஜனம். காற்று திரும்பினதும் வருவார்கள். இதுதான் நான் சொன்னது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மழைக்காலம் முழுவதும் ஆனது.

ஒரு ஞாயிறு டியூஷன் சென்டர் போர்டில் இதை எழுதிக் காட்டினேன்.

"பேய் வலை பொத்துமாடா?" என்று கேட்டேன்.

பின்னால் இருந்து ஒருத்தன், "பேயி மீன் கடை வச்சிருந்தா பொத்தும்க்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நாளாகத்தான் இருந்தது அது.

சேனல்காரன் எழுந்து வந்தான். "அக்கா, இது வேற லெவல். நான் வீடியோவா போடறேன். ஒங்க பேரு, ஊரு எல்லாம் சொல்லித்தான் போடுவேன்."

"பேரு போதும். போட்டோல்லாம் போட்டுடாத."

"சரிங்கக்கா. ஒங்க பேச்சுதான், நான் சும்மா மைக்கு."

கொஞ்ச நாள் கழித்து, வேலைக்குப் போகிற கம்பெனி வேனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். "நண்பர்களே, வெளிநாட்ல, கம்பெனி உள்ளுக்குள்ள இருக்குற ஒருத்தர்ட்ட இருந்து எனக்கு ஒரு தகவல் வந்திருக்கு" என்று ஆரம்பித்தான். பொத்தின வலை வந்தது. காற்று வந்தது. மூடின கதவு வந்தது. பேய் வலை பொத்துமா என்ற என் கேள்விகூட அப்படியே வந்தது. என் பேர் மட்டும் வரவில்லை.

வேனை விட்டு இறங்கி கம்பெனி கேட் ஓரத்தில் நின்று போன் போட்டேன்.

"என்னாடா இது? எவன்டா அந்த வெளிநாட்டுக்காரன்?"

"அக்கா, கோவப்படாதீங்க. கடலூர்ல ஒரு அக்கா யோசிச்சு சொன்னாங்கன்னு போட்டா எவன்க்கா பாப்பான்? லீக்குன்னு சொன்னாத்தான் ரீச் ஆவும்."

"அப்ப நான் யோசிச்சதுக்கு மதிப்பு கெடையாது. எவனோ திருடிக் குடுத்தான்னா மதிப்பு."

"நான் அப்பிடி சொல்லலக்கா."

"வேற எப்பிடிடா சொன்ன?"

டவர் இல்லை என்று கட் பண்ணிவிட்டான்.

அதோடு போயிருந்தால்கூட இரண்டு நாள் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அடுத்து நடந்ததுதான் பொறுக்கவில்லை.

நான் போர்டில் போட்ட படத்தில் ஒரு தப்பு இருந்தது. கடல் ஜனத்தின் படகுகள் விடியலில் சூரியனைப் பார்த்துக் கிளம்பும், சூரியன் எழும்புகிற தண்ணீர்தான் அவர்களுக்குச் சாமி, அதனால் அவர்கள் கொடியில் உதய சூரியன் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த உலகத்தின் மேப்பில் கடல் மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலில் மறையும், உதிக்காது. எத்தனையோ தடவை பார்த்த மேப் அது. இருந்தும் கை தானாகக் கடலைக் கிழக்கே போட்டுவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தர் எங்கே என்று கேட்டால், "கெழக்க போயிருக்காரு" என்பார்கள். கடலுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். எங்களுக்குக் கடலும் கிழக்கும் ஒன்றுதான். அவன் அந்தத் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பார்க்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. "கம்பெனி ஆளுக்கே கம்பெனி மேப் தெரியாதா?" என்று கமென்ட்டில் கிழித்தார்கள். உடனே அடுத்த வீடியோ போட்டான். அதில் அவன் சொன்னது இது: "நம்ம சோர்ஸ் சொன்னது பக்கா கரெக்ட். அந்த சூரியன் மேட்டர் மட்டும், நம்ம குரூப்புக்குக் கடலூர்ல இருந்து வர்ற ஒரு அக்கா ஆர்வக்கோளாறுல சேர்த்து வுட்டது. அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்."

யோசித்ததெல்லாம் வெளிநாட்டுக்காரன். தப்பு மட்டும் கடலூர் அக்கா. அதற்குக் கீழே ஒருத்தன், "மீன் விக்கிற அக்காவா ப்ரோ?" என்று எழுதியிருந்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் மீன் விற்றவர்கள்தான், அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்தக் கமென்ட்டுக்கு இவன் ஹார்ட் போட்டிருந்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நேராகப் போனேன். அவன் விளையாடிக்கொண்டிருந்தான். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஒன் வெளிநாட்டு ஆளு மெயில் அனுப்பினானா, போன் பண்ணானா?"

"அதெல்லாம் வெளிய சொல்ல முடியாதுக்கா."

"சரி. அவன் சொன்னதுல என் போர்டுல இல்லாத ஒரு விஷயம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்தவர் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறவர், படித்தவர். அவர் சமாதானத்துக்கு வந்தார்.

"வுடும்மா. பொம்ம வெளையாட்டுக்குப் போயி இவ்ளோ டென்ஷனா?"

"பொம்ம வெளையாட்டுன்னா அவன் எதுக்கு சார் பொய் சொல்லணும்? அவன்ட்ட கேளுங்க."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். பேய்க்கு மீன் கடை வைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வீரனுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் போர்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தராவது, "ஆமா, அக்காதான் சொன்னாங்க" என்று வாயைத் திறக்கவில்லை. அவன் வீடியோவில் நாளைக்கு முகம் காட்ட வேண்டுமே, அந்தக் கவலை.

நான் படி இறங்கும்போது சேனல்காரன் பின்னாலேயே வந்தான். "அக்கா, தனியா சொல்றேன், சாரி. தப்புதான். இத இதோட வுட்டுடலாம்."

"மேல சொல்ல வேண்டியதுதான?"

"மேல எப்பிடிக்கா சொல்றது?"

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வலை விட்டிருக்கும்போது குறுக்கே போய் இன்னொருத்தர் வலை விட்டால், ஊர் கூடும். குறுக்கே போனவர் ஊர் முன்னால் நின்று, "நான்தான் செஞ்சேன்" என்று சொல்ல வேண்டும். இருட்டில் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. பாதிக்கப்பட்டவரே சரி போகட்டும் என்றாலும் ஊர் விடாது. நாலு பேர் பார்க்கச் செய்ததை நாலு பேர் பார்க்கத்தான் தீர்க்க வேண்டும். இவன் செய்தது ஆயிரக்கணக்கான பேர் பார்க்க. மாடிப்படியில் காதோடு சொல்கிற சாரியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

புதுப் படையை அறிவிக்கப்போவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. நான் சொன்னது தப்பாகிப் பேய்ப் படையே வந்தாலும் வரலாம். அப்போது மொத்தப் பழியும் கடலூர் அக்கா தலையில் விழும். சரியாக இருந்தால் அவன்தான் முன்கூட்டியே சொன்ன மேதை. அறிவிப்பு வந்த பிறகு நான் வாயைத் திறந்தால், பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நீ இதைப் படிப்பாய். எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பொதுவான ஆட்களைத் தூது அனுப்பாதே. அந்த வீடியோக்களை அழிக்கவும் கூடாது. அறிவிப்பு வருவதற்கு முன்னால், அதே சேனலில், லைவில், கமென்ட்டை மூடாமல் வந்து உட்கார். அந்த வெளிநாட்டு ஆள் யார்? அப்படி ஒருத்தன் இல்லை என்றால், வலையையும் காற்றையும் யோசித்தது யார்? என் பேரைச் சொல்லி, உன் ஆட்கள் எல்லோரும் கேட்கப் பதில் சொல்.