நூரிஸும் நடுவில் ஓட்டை உள்ள டிரையரும்

நூரிஸ் முடி உலர்த்தும் டிரையரை முதலில் தன் கழுத்தில் பிடிப்பாள். காதுக்குக் கீழே, தோல் மெலிந்த இடத்தில். விசையை அழுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காற்று சூடேறும்வரை நிற்பாள். பிறகு முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். கம்பி கருகும் வாசனை இல்லையென்று உறுதியான பிறகே அது நாற்காலியில் இருப்பவளின் தலைப்பக்கம் திரும்பும். காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை. நடுவில் வேறு யாராவது அதைத் தொட்டுவிட்டால் மறுபடியும். "நேத்து நல்லா இருந்துச்சுன்னா இன்னிக்கும் நல்லா இருக்கணும்னு என்ன சட்டம்? ஆம்பளைங்களே அப்படி இல்லையே" என்பாள்.

அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்தில், எசெக்ஸ் தெருவில், சுருட்டை முடியை நேராக்கும் இவலீஸின் பார்லரில், ஜன்னலோர நாற்காலி அவளுடையது. வானிலையைத் தொலைபேசியில் பார்த்துச் சொன்னால் நம்பமாட்டாள். தன் இடது காதோரம் ஒரு சிறு கற்றையை மட்டும் எப்போதும் நேராக்காமல் விட்டிருக்கிறாள். வாசலுக்குப் போய் அதை ஆற்றுக்காற்றில் கொஞ்சநேரம் காட்டிவிட்டு உள்ளே வருவாள். கற்றை சுருண்டிருந்தால், "இன்னிக்குப் பாலத்துப் பக்கம் போறவங்க தலைய மூடிக்கிட்டுப் போங்க. அப்புறம் வந்து நான் சரியா செய்யலன்னு சண்டை போடக் கூடாது" என்று எல்லாருக்குமாக அறிவிப்பாள்.

"நேத்துதான் வீட்டுல தலை அலசினேன்" என்று ஒருத்தி சொன்னால், நூரிஸ் தலை கழுவும் தொட்டியைக் கை காட்டுவாள். புது ஷாம்பு வந்தால் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, "மூடி மட்டுந்தான் புதுசு" என்பாள். பல் தெரியச் சிரித்தபடி உள்ளே வருபவளைக் கண்டால் பக்கத்து நாற்காலிக்காரியிடம் குனிந்து, "கல்யாணத்துக்குப் போறா. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு சொல்லுவா, பாரு" என்பாள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இல்லாதபோது அவள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவளுடைய டிரையர் கறுப்பு நிறம். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் கனம். ஒயர் சேரும் இடத்தில் டேப் சுற்றிச் சுற்றி அந்த இடம் ஒரு முழங்கால் மூட்டுபோல் புடைத்திருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் "புருஷன்". "மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. இவன்தான் பொத்தான அமுக்கினா கத்துறான், விட்டா அடங்குறான். வேற என்ன வேணும்?"

சனிக்கிழமைகளில் பார்லருக்குள் நிற்க இடமிருக்காது. கழுவிய தலைகளில் ரோலர்களைச் சுற்றிக் குடை டிரையர்களுக்கு அடியில் வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். பஸ்தெலீத்தோ என்ற பொரித்த பலகாரம் விற்பவள் கூடையோடு வந்துபோவாள். குடையின் இரைச்சலில் காது கேட்காத பெண்கள், ஊர் ரகசியங்களை ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருப்பார்கள். ரோலர் அவிழ்த்த தலை கடைசியாக நூரிஸிடம் வரும். உருண்டைப் பிரஷ்ஷால் வேரைப் பிடித்து இழுத்து, அந்த இழுப்பின்மேல் சூட்டைப் பாய்ச்சுவாள். அவள் கைபட்ட முடி அடுத்த சனிக்கிழமைவரை கலையாது. வேறு நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அவளுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்கிறார்களா என்று அவளும் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

சென்ற குளிர்காலத்திலிருந்து அவள் ஒன்றை மறைத்துவருகிறாள். வலது கையில், கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வலி. பிரஷ் பிடிக்கலாம், சீப்புப் பிடிக்கலாம். புருஷனின் கனத்தைத்தான் அந்த இடம் தாங்குவதில்லை. தலையின் ஒரு பக்கத்துக்கு டிரையரை இடக்கையில் பிடிப்பவர்கள், மறு பக்கத்துக்கு வலக்கைக்கு மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். நூரிஸ் மாற்றுவதை நிறுத்திவிட்டாள். டிரையரை எப்போதும் இடக்கையிலேயே வைத்துக்கொண்டு, மறு பக்கம் வரும்போது முழங்காலால் நாற்காலியையே சுற்றிவிடுகிறாள். கேட்ட ஒருத்தியிடம், "இப்படிச் செஞ்சாத்தான் வேருக்குள்ள காத்துப் போகும்" என்று சொல்லிவைத்தாள். அதை நம்பி அடுத்த நாற்காலிக்காரிகள் இருவரும் இப்போது நாற்காலியைச் சுற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.

மறைப்பதற்குக் காரணம் ரமோனா. முன்பு நடு நாற்காலி அவளுடையது. கை நடுங்கத் தொடங்கிய வருடம் இவலீஸ் அவளைத் தலை கழுவும் தொட்டிக்கு மாற்றினாள். அவளுடைய வாடிக்கைக்காரிகள் ஒரே வாரத்தில் மற்றவர்களிடம் பிரிந்துபோனார்கள். தொட்டிக்காரியிடம் யாரும் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் ரமோனா வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய நல்ல வாடிக்கைகளில் பாதிப்பேர் நூரிஸிடம்தான் வந்தார்கள். அதனால் இப்படியொரு பங்கீடு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது நூரிஸுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூரிஸ் டிரையர் மாட்டும் கொக்கியில் புது டிரையர் ஒன்று தொங்கியது. தலைப்பக்கம் வளையல்போல் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

"இதுல மோட்டார் எங்க?" என்றாள் நூரிஸ்.

"கைப்பிடிக்குள்ள இருக்குக்கா" என்றாள் இவலீஸ். அவள் முதலாளி, வயதில் சின்னவள்.

"கைப்பிடிக்குள்ள எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? நல்ல மோட்டார்னா வெளிய வைக்கலாமே."

"ஒளிச்சு வைக்கலக்கா. கனம் தெரியக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

நூரிஸ் விலையைக் கேட்டாள். இவலீஸ் சொன்னாள்.

"அந்தக் காசுக்கு எங்க ஊரு சாண்டோ டொமிங்கோவுக்கு டிக்கெட் எடுத்து, எங்க மாமா பொண்ணுகிட்ட தலைய உலர்த்திக்கிட்டு, கடல்ல கால நனைச்சிட்டுத் திரும்பி வந்துரலாம். காத்துதானே வருது இதுலயும்?"

"செஞ்சு பாருங்க. பிடிக்கலன்னா இந்த மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்."

விலை அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. காசு இவலீஸுடையது. ஆனால் ஒரே ஒன்றை ஏன் வாங்கினாள்? வாங்கியதை ஏன் மற்ற இருவரின் கொக்கிகளில் மாட்டவில்லை? கனத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? அன்று முழுதும் நூரிஸ் வலது கையை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தாள். இவலீஸ் நீட்டிய காப்பியை இடக்கையால் வாங்கினாள். இடக்கையால் வாங்கியதை அவள் பார்த்துவிட்டாளோ என்று சாயங்காலம்வரை யோசித்தாள்.

புது டிரையரைத் தொடாமலிருந்தால் சந்தேகம் வரும்; தொட்டால், கை வலிக்குத்தான் தொட்டாள் என்றாகும். இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு வழி கண்டாள். சனிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் சோதனை. ஒரே தலை: பாதி புருஷன், பாதி புதுசு. எந்தப் பக்கம் ஒரு வாரம் நிற்கிறதோ அதுவே ஜெயித்தது.

தலை கொடுத்தவள் பெல்கிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஒரு சீப்பை உள்ளே விட்டால் திரும்பி வருமா என்று பயப்படும்படியான முடி.

"என் மண்டைய ரெண்டாப் பிரிச்சுப் பந்தயம் கட்டுறீங்க. நாளைக்குச் சர்ச்சுல எந்தப் பக்கத்தச் சாமிக்குக் காட்டுறது?" என்றாள் பெல்கிஸ்.

"நல்லா வந்த பக்கத்தக் காட்டு. மத்தத உன் மாமியாருக்குக் காட்டு" என்றாள் நூரிஸ்.

இடது பாதியை அவள் புருஷனால் செய்தாள். அப்படி ஒரு வேலையை அவள் பல மாதங்களாகச் செய்ததில்லை. சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்தாள். ஒவ்வொரு கற்றையையும் கூடுதலாக ஒரு தடவை இழுத்தாள். கடைசியில் குளிர்ந்த காற்று விட்டாள். ஏப்ரன் பையிலிருந்து சொந்த எண்ணெய்ச் சீசாவை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு விரல் தடவினாள். நாற்காலியும் சுற்றியது.

பிறகு புது டிரையரை எடுத்தாள். கழுத்தில் பிடித்தாள், முகர்ந்தாள். கருகல் வாசனை இல்லை; வேறு எந்த வாசனையும் இல்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "எதோ ஒரு வாசனை இருக்கணும்ல" என்று முணுமுணுத்தாள். வலது பாதியைப் பெரிய கற்றைகளாகப் பிடித்து, அசட்டையாக, தெருவைப் பார்த்தபடி செய்து முடித்தாள். கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல் கையில் கனமே இல்லை. அது கத்தவும் இல்லை. இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஒன்று உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை பெல்கிஸ் வந்து தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். நடுவே மழை பெய்த வாரம். இடது பக்கம் வழுவழுவென்று விழுந்தது. வலது பக்கம் நெற்றியோரத்தில் பழையபடி சுருண்டு பொரிந்து நின்றது.

குடைகளுக்கு அடியிலிருந்து தலைகள் வெளியே நீண்டன. ஒவ்வொருத்தியும் வந்து இரு பக்கமும் தடவிப் பார்த்தாள். நூரிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வலது கை உள்பக்கம்.

"சரிதான்" என்றாள் இவலீஸ். "நான்தான் ஏமாந்துட்டேன் போல." புது டிரையர் வந்த பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினாள். வெல்வெட் போட்ட பள்ளம் ஒன்று அதற்குள் இருந்தது. டிரையரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

நூரிஸ் கொக்கியிலிருந்து அதை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"என்னக்கா?"

"ஒயரைச் சுத்தித் தரேன்" என்றாள் நூரிஸ். மெதுவாகச் சுற்றினாள். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள்.

கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெல்கிஸ் பேசினாள்: "நூரிஸ், நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர மாதிரி இருந்தா சொல்லாத."

"நாள் பூரா பின்னாடி நாப்பது பிள்ளைங்களக் கண்ணாடியிலயே பாக்கறவ நான். கண்ணாடியில எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. எண்ணெய் ஒரு பக்கந்தான் வச்ச. அது போகட்டும், உன் புருஷனுக்கு நீ பரிஞ்சுக்கற. ஆனா பழைய பக்கம் செய்யும்போது என் நாற்காலியச் சுத்தின. புதுப் பக்கம் செய்யும்போது சுத்தவே இல்ல. வலது கையிலதான் பிடிச்சிருந்த, கடைசிவரைக்கும்."

நூரிஸ் தன் வலது கையைப் பார்த்தாள். அது அவளுக்கே தெரியாது. இவ்வளவு சோதித்தவள் அதைச் சோதிக்கவில்லை.

"சும்மா எதையாவது உளறாதடி" என்றாள்.

"நானும் பாத்தேன்" என்றாள் இவலீஸ். வெற்றுப் பெட்டியை மேசையில் வைத்தாள். "முடிக்காக நான் அத வாங்கலக்கா."

"எனக்கு ஒண்ணுமில்ல. யாரு உங்கிட்டச் சொன்னா? இவளா?"

"யாரும் சொல்லல. நாற்காலியோட அடித்தண்டு தேஞ்சுபோச்சு. வீங்கிப்போன கட்டைவிரல நீங்க ஏப்ரன்ல ஒளிக்கலாம். நாற்காலி கிரீச்சுனு கத்துறத எங்க ஒளிப்பீங்க?"

குடைக்கு அடியில் ஒருத்தி சிரித்தாள்; பக்கத்திலிருந்தவள் இடித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ரமோனாவுக்கு இப்படி ஒண்ணும் வாங்கிக் குடுக்கலியே நீ" என்றாள் நூரிஸ். குரல் தாழ்ந்திருந்தது. "நேரா தொட்டிக்குத்தானே அனுப்பின."

இவலீஸ் சொன்னாள்: "ரமோனாக்கா எங்கிட்டச் சொல்லவே இல்லையே. சூடான டிரையர் கைநழுவி வாடிக்கையா வந்த ஒரு டீச்சரோட தோள்ல விழுந்தப்பதான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் எந்தத் தலைய நம்பி அவங்ககிட்டக் குடுக்கறது? நீங்க அந்த நிலைமைக்குப் போறதுக்குள்ள கேக்கறேன். எங்க வலிக்குது?"

"சொன்னா, ஜன்னலோரம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"இன்னிக்கு அப்படிச் சொல்லுவ."

"இன்னிக்குத்தானே கேக்கறீங்க."

நூரிஸ் வாசலைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரிகள் இருவரையும் பார்த்தாள். அவர்கள் அவசர அவசரமாகச் சீப்புகளைத் துடைக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிக்குள் இருந்த பெல்கிஸைப் பார்த்தாள். கடைசியாக இவலீஸின் முகத்தை, புது ஷாம்புச் சீசாவின் மூடியைப் பார்ப்பதுபோல, நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு வலது கையை ஏப்ரனில் ஒருதடவை துடைத்து, விளக்குக்கு நேராக, உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தாள். இவலீஸின் விரல் கட்டைவிரலின் அடியைத் தொட்டதும் அவளுக்குத் தோள்வரை ஒரு இழுப்பு ஓடியது. ஆனால் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் புது டிரையரை, ஒயரோடு சேர்த்து, யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாதபடி இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.