கால் ஓங்காத பிள்ளைகள்

கலாஜினியைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். பணிவான பிள்ளை, ஒழுக்கமாகப் படிப்பிக்கிற டீச்சர், அவளிடம் அனுப்பின பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பார்கள். இந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடியும் உதையும் சொல்லிக்கொடுக்கிற ஒருத்திக்கு இப்படியொரு பேர் கிடைக்கிறதென்றால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் தையல்காரி. வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் எங்கள் ஊர். கலாஜினியின் வளவும் என் வளவும் ஒரே வேலி. அவளுடைய தைக்வொண்டோ வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைப்பது நான்தான். அதனால் இங்கே சொல்வது சந்தையில் கேட்டுக்கொண்டு வந்த கதை இல்லை.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அவள் கட்டுநாயக்காவுக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அங்கே தொழிற்சாலைக்கும் போர்டிங்குக்கும் நடுவிலுள்ள பாதை மோசமான பாதை. சம்பள நாளில் பையைப் பறிப்பார்கள், மற்ற நாட்களில் கையைப் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிங்கள டீச்சர் அந்தப் பெட்டைகளுக்குக் கொரியச் சண்டை பழக்கினாள். வேலைக் களைப்பு என்று பலர் நின்றுவிட, கலாஜினி விடாமல் போனாள். ஒருநாள் பாதையில் ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். முழங்காலில் ஒரு உதை விட்டாள், அவன் அப்படியே தாரில் குந்திவிட்டான். அடுத்த ஞாயிறு அந்த டீச்சர் பால்சோறு சமைத்துக்கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்து, நான் சொல்லித் தந்ததை இவள்தான் படித்திருக்கிறாள் என்றாளாம். இந்தக் கதையைக் கலாஜினி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது முகம் பூரித்துப்போகும்.

கறுப்புப் பட்டியோடு ஊருக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கண்டால் ஓடிவிடுவார்கள் என்று தாய் அந்தப் பட்டியை ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்தாள். வந்த மாப்பிள்ளை மேசன். அவன் ஓடவில்லை, நல்ல மனுஷன். பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைக்கவேண்டும் என்று இவள் சொன்னபோது, வை என்றான்.

வகுப்பு வைக்க மண்டபம் வேண்டும். மண்டபம் ஊர்ச் சங்கத்துடையது. சங்கத் தலைவர் கனகசூரியம். கோயில் காரியம் பார்க்கிற வண்ணக்கரும் அவர்தான், அரிசி ஆலைக்காரரும் அவர்தான். ஊரில் ஒரு நல்ல கதிரை இருந்தால் அதில் அவர் இருப்பார். கலாஜினி கேட்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். சங்கக் கூட்டத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

"பொம்புளப் புள்ளையளுக்கு உதைக்கப் பழக்கினா நாளைக்குப் புருசன உதைக்குங்கள்" என்றார் வண்ணக்கர். கூட்டம் சிரித்தது.

"இதில ஒழுக்கந்தான், வண்ணக்கர், முதல் பாடம். சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் பழக்குற" என்றாள் கலாஜினி.

"என்ன சத்தியம்?"

"படிச்சதப் பிழையான வழியில பாவிக்க மாட்டன் எண்டு."

"பிழை எது சரி எது எண்டு ஆரு தீர்மானிக்கிற? குமருகளா?" அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "வகுப்புக்கு வெளியில ஆருக்கு மேலயும் கையோ காலோ ஓங்கமாட்டன் எண்டு சொல்லவை. ஓங்கினா பட்டியக் கழட்டி வகுப்பால வெளியில போடு. அதுக்கு நீ ஒத்துக்கொண்டா மண்டபத்தத் தாறன்."

கலாஜினி ஒத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் நான் சும்மா விடவில்லை.

"வெளியில உதைக்கக்கூடாதெண்டா உள்ளுக்க என்னத்துக்குகா பழக்குற? சுவருக்கு உதைக்கவா?"

"முதல் உள்ளுக்குப் போவம் அக்கா. மறுகா பாப்பம்" என்றாள்.

மறுகா பாப்பம் என்று விட்ட எதையும் எங்கள் ஊரில் மறுகா யாரும் பார்த்ததில்லை.

குறை சொல்லக்கூடாது, வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் வாசலில் செருப்பை வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவார்கள். டீச்சருக்குக் குனிந்து வணங்கி, ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கி, சத்தியத்தை ஒரே குரலில் சொல்வார்கள். வண்ணக்கர் கேட்ட வசனத்தை மற்றதெல்லாவற்றையும்விட உரத்துச் சொல்வார்கள். அடுத்த பட்டிக்குச் சோதனை வைக்கமுன் கலாஜினி ஒவ்வொரு தாயையும் கூப்பிட்டு, பிள்ளை வீட்டில் எப்படி, வாய் காட்டுகிறதா, சொன்ன வேலை செய்கிறதா என்று கேட்பாள். தாய் முகத்தைச் சுளித்தால் சோதனை இல்லை. தாய்மாருக்கு இது கொண்டாட்டமாகப் போய்விட்டது. பொருதுவதில் கெட்டிக்காரி ஒருத்தி, கோப்பை கழுவவில்லை என்பதற்காக ஒரு தவணை முழுவதும் மஞ்சள் பட்டியோடு நின்றதை நானே பார்த்தேன்.

ஜதுர்சிகா வேறு மாதிரி. உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பட்டிக்கு வந்திருந்தாள், அடுத்தது கறுப்பு. அவள் காலைத் தூக்கினால் நான் தைத்த காற்சட்டை படார் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு ஆசை. கலாஜினிக்குப் பெண்பிள்ளை இல்லை, இரண்டும் பொடியன்கள். ஜதுர்சிகாவைப் பார்க்கிறபோது அவள் கண்ணில் ஒரு பெருமை தெரியும்.

வண்ணக்கருக்கு ஒரு தங்கச்சி மகன் இருந்தான், கோகுலராஜ். வேலை வெட்டி இல்லை, மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தது. வயல் வட்டைக்குள்ளால் போகிற பாதையில், வாய்க்கால் மதகில், ரியூசன் விட்டு வரும் பெட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சைக்கிளை மறிப்பான், கையைப் பிடிப்பான். ஊருக்கு இது தெரியாததல்ல. பொடியன் பகிடிக்குச் செய்கிறான் என்றார்கள். பெட்டைகளின் தாய்மார் பிள்ளைகளைத்தான் வேறு பாதையால் வரச் சொன்னார்கள். சேலை முள்ளில் பட்டாலும் முள் சேலையில் பட்டாலும் சேலைக்குத்தான் சேதம் என்று எங்களுக்குப் பாலோடு ஊட்டியிருக்கிறார்கள் அல்லவா.

ஜதுர்சிகா பாதையை மாற்றவில்லை. ஒரு பின்னேரம் அவன் அவளுடைய சைக்கிளை மறித்து, தோளில் கையைப் போட்டான். கையை எடுங்க என்றாள். எடுக்கவில்லை. திரும்பவும் சொன்னாள். அவன் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனான். ஒரே உதை. ஆள் வாய்க்காலுக்குள் போய் விழுந்தான். களை பிடுங்கிக்கொண்டு நின்ற பெண்கள் அத்தனை பேரும் வரம்பில் ஏறி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உதையை வண்ணக்கர் பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கே கலாஜினியைக் கூப்பிட்டுவிட்டார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கதைத்தார். "நீ தந்த வாக்கு, புள்ள. நிறைவேத்து. இல்லாட்டி மண்டபத் திறப்பத் தந்துபோட்டுப் போ."

அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். தையல் மெசினை நிறுத்திவிட்டு நான் கேட்டேன்.

"கட்டுநாயக்காவில நீ உதைச்சதுக்குப் பால்சோறு திண்ட. இவளுக்கு என்னகா குடுக்கப்போற?"

அவள் முகம் செத்துப்போயிற்று. "இவள வச்சிருந்தா மண்டபம் போயிரும் அக்கா. மண்டபம் போனா மத்தப் புள்ளையள் எல்லாம் ஊட்டுக்குள்ளதான். ஒருத்திக்காக எல்லாரையும் அடைச்சுவைக்கச் சொல்றீங்களா?"

"அந்த ஒருத்திதானகா உண்ட வகுப்பு. மத்ததெல்லாம் வெள்ளை உடுப்பு."

"நீங்க லேசாச் சொல்லுவீங்க" என்றுவிட்டு எழுந்து போனாள். கோபத்தில் அன்றைக்கு நான் தைத்த உடுப்பெல்லாம் கோணல்.

அடுத்த வகுப்புக்கு வண்ணக்கரும் வந்து கதிரை போட்டு இருந்தார். நான் வாசலில் நின்றேன். கலாஜினி ஜதுர்சிகாவை முன்னுக்குக் கூப்பிட்டாள். ஜதுர்சிகா அழுவாள், சத்தம் போடுவாள், பட்டியை எறிந்துவிட்டு ஓடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவள் எறியவில்லை. பழக்கினபடியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பட்டியை அவிழ்த்தாள், மடித்தாள், இரண்டு கையாலும் நீட்டினாள், குனிந்து வணங்கினாள். ஒழுக்கத்தில் எள்ளளவு குறை சொல்ல முடியாது.

நிமிர்ந்துதான் கேட்டாள். "நான் செஞ்சது பிழையா டீச்சர்?"

கலாஜினி வண்ணக்கரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் புள்ள" என்றாள்.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று அதைக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வகுப்புப் பெருகிவிட்டது. நம்பி அனுப்பலாம் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. குமர்ப்பிள்ளையைப் படலைக்கு வெளியே விடாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். எனக்குத் தையல் வேலை குவிந்தது. அந்தக் காசில் நானும்தான் சாப்பிட்டேன். கோயில் விளையாட்டு விழாவில் வண்ணக்கர் கலாஜினிக்குப் பொன்னாடை போர்த்தினார். "தன்னடக்கம் எண்டா என்ன எண்டு எங்கட டீச்சரப் பாத்துப் படிக்கோணும்" என்றார். கோகுலராஜ் பந்தலுக்குக் கதிரை தூக்கிக்கொண்டு நின்றான். விழா முடிந்ததும் மதகுக்குப் போய்விட்டான்.

எனக்கு அவள் மேல் இருந்த பெரிய கோபம் பட்டியைக் கழற்றினதற்கு இல்லை. கழற்றினதைப் பிறகு அவளே நம்பத் தொடங்கினாளே, அதற்குத்தான். முதலில் வேறு வழி இல்லை அக்கா என்றாள். பிறகு, கோபத்தை அடக்குவதுதான் அக்கா இந்தக் கலையின் உயிர் என்றாள். நாலு பேர் கைதட்டினால் பயமும் தத்துவமாகிவிடும். ஜதுர்சிகா உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வேலைக்கென்று கொழும்புக்குப் போனாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சென்ற மாரிக்கு முன்னர்தான் நிரோஜினிக்கு நடந்தது. நீலப் பட்டிக்காரி, வாய் திறவாத பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டுக் கணினி வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதே பாதை, அதே ஆள். சைக்கிளை மறித்தான், இறங்கச் சொன்னான், இறங்கினாள். கையைப் பிடித்துத் தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டில் பக்கம் இழுத்தான். இழுத்த இழுப்பில் விழுந்து கை முறிந்தது. அதற்குப் பிறகும் எழுப்பி இழுத்திருக்கிறான். நெல் ஏற்றி வந்த உழவு மெசின்காரன் ஒருவன் கண்டு சத்தம் போட்டபடியால் விட்டுவிட்டு ஓடினான். அந்த மெசின்காரன் சொன்னான், புள்ள பொம்மை மாதிரி நிண்டது, கை காலை ஒருக்கா அசைக்கக்கூட இல்லை என்று.

ஆசுபத்திரிக்குக் கலாஜினியும் நானும் போனோம். பிள்ளை கையில் கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழும்பி இருந்து, கட்டுப்போட்ட கையோடு குனிய முயன்றாள். கலாஜினி தடுத்தாள். கட்டில் விளிம்பில் இருந்து அவள் காலைத் தடவினாள்.

"உனக்கு நல்ல உதை இருக்கே புள்ள. ஏன் உதைக்கல்ல?"

நிரோஜினி கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"உதைச்சிருக்கலாம். நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்."

பிள்ளை அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காமல்தான் பார்த்தாள். "ஜதுர்சிகா அக்காக்குச் சொன்னீங்களே டீச்சர்" என்றாள்.

கலாஜினியின் கை அந்தக் காலிலேயே நின்றுவிட்டது. என் வாயில் வருஷக்கணக்காக அவளுக்கென்று சேர்த்துவைத்த பேச்செல்லாம் வந்து நின்றது. எனக்கு மிச்சம் வைக்காமல் அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது.

அந்த நேரம் நிரோஜினியின் தாய் தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளே வந்தாள். டீச்சரைக் கண்டதும் போத்தலை வைத்துவிட்டு ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்தாள்.

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும் டீச்சர். எண்ட புள்ளை மட்டும் கால ஓங்கியிருந்தா இண்டைக்கு ஊரே சிரிச்சிருக்கும். எங்களுக்கு வெளிக்கிடேலாமப் போயிருக்கும். கை முறிஞ்சா ஒட்டும். மானம் போனா வருமா?" அவள் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவும் மனம் நிறைந்து சொன்னாள், அதில் ஒரு சொல்லும் குத்தல் இல்லை. "பொலிசுக்குப் போகல்ல. வண்ணக்கர் ஆசுபத்திரிச் செலவு தாறாராம். இந்தக் கை சுகமானதும் புள்ளைய வகுப்புக்கு அனுப்புறன். சின்னவளையும் சேத்துக்கொள்ளுங்க டீச்சர், அவள் கொஞ்சம் முரடு."

அந்தத் தாய் தேத்தண்ணியை ஊற்றி முதல் கோப்பையை டீச்சருக்குக் கொடுத்தாள். கலாஜினி வாங்கிக் குடித்தாள்.