கதவோரத்து இருக்கை

இந்தக் குளிருக்கு முதன்முறையாக நேற்றுக் காரின் ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்க உள்ளே அடைந்து கிடந்த தூசி கருகி ஒரு மணம் வந்தது. அரை நிமிடம்தான். மூக்குக்கு மணிக்கூடு இல்லை, பாருங்கள். அந்த அரை நிமிடத்தில் அது என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேவண்ணையின் வெள்ளை வான் வண்டியில், இழுவைக் கதவோரத்து இருக்கையில் இருத்திவிட்டது.

நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். ஆறு பேர். ஃபோர் ஓ வன் நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடினால், அஜக்ஸில் ஒரு தொழிற்சாலை. காரின் கதவிடுக்கில் ஒட்டுகிற ரப்பர் செய்வது தொழில். கனடாவுக்குள் குளிர் புகாமல் காப்பவர்கள் நாங்கள்தான் என்று எங்களில் வாய்க்காரனான பத்மன் சொல்லுவான். வானுக்குள் ரப்பர் மணம், நனைந்த சப்பாத்து மணம், முதல்நாள் கறியின் மணம். இவற்றோடு தத்துவமும். தேவண்ணை ஊரில் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். இங்கே மூன்றாம் மெசினில் நின்றார்.

அந்தப் பழைய ஐரோப்பியச் சிந்தனையாளர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஊரில் சம்பந்தி பகுதியை இடத்தின் பெயரால் சொல்லுவோமே, அப்படி அவர்களும் இங்கிலாந்தார், ஜெனீவாக்காரர், ஜெர்மன்காரர் ஆனார்கள். ஒருவன் மற்றவனின் கைப்பிடியில் நடக்காமல் தன் புத்தியால் நடக்கவேண்டும் என்பது ஜெர்மன்காரரின் கட்சி. தேவண்ணை அதைச் சொல்லும்போது ஸ்டியறிங்கை விட்டுப் பின்னால் திரும்புவார்.

"உலகம் முழுக்க ஒரு பக்கம் நிண்டாலும், தனியா நிக்கிறவன்ர மனச்சாட்சியை ஒருத்தரும் தொடேலாது."

"தனிமனிச உரிமையைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல்ல ரோட்டைப் பாருங்கோ," என்பான் பத்மன்.

சிரித்தாலும் அந்தப் பேச்சு சுடுதேத்தண்ணிபோல நெஞ்சுக்குள் இறங்கும். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே வளர்ந்த கைகள் எங்களுடையவை. நீ நீயாக இருப்பதாலேயே உனக்கு உரிமை உண்டு. எந்த அரசனும் தந்ததல்ல, எந்தக் கூட்டமும் பறிக்கமுடியாதது. முன்னால் சிவப்பு விளக்குகள் பனிக்குள் ஓடிக்கொண்டிருக்க, ஒருவன் இதைச் சொல்லக் கேட்டால் கிறுக்குப் பிடிக்காதா? எனக்குப் பிடித்தது. வேலையில் இடைவேளைக்குக் கவிதை எழுதினேன். ரப்பரைப் பற்றியும் ஒன்று உண்டு, அதை விடுவோம்.

எங்களில் இளையவன் குணம், மட்டக்களப்புப் பெடியன். லோரன்ஸ் வீதி பஸ் தரிப்பில் ஏறுவான். எனக்குப் பக்கத்தில் இருப்பான். அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது என் வேலை. அதிகம் பேசமாட்டான். நான் எழுதிய கவிதைகளை வாசித்த ஒரே ஆளும் அவன்தான்.

ஊரில் போர் முற்றிய குளிர்காலம் அது. போரை நிறுத்த உதவும்படி கனடா அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதி, சனத்திடம் கையெழுத்து வாங்குவதென்று வானுக்குள் முடிவானது. முதல் ஆறு கையெழுத்தும் எங்களுடையதாக இருக்கவேண்டும் என்பது பேச்சு. எழுதியது நான். ஒவ்வொரு ஆளின் உயிரும் தனித்தனியே மதிப்புள்ளது என்று முதல் வரியில் முழங்கியிருந்தேன். குணம் வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் தந்தான்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க அண்ணன். மட்டக்களப்புப் பக்கத்தில இயக்கம் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டுபோன பிள்ளைகளைப் பத்தியும் ஒரு வரி எழுதுங்க. கையெழுத்து வைக்கிறன்."

"உந்த வரியை இப்ப எழுதினா ஆருக்கடா லாபம்?" என்றான் பத்மன்.

"என்ர அக்காட மகளைக் கொண்டுபோயிட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள. பதினஞ்சு வயசு. ஒவ்வொரு ஆளும் எண்டு எழுதியிருக்கிறீங்க. அவளும் ஒரு ஆள்தானே."

தேவண்ணை ஹீட்டரைக் கூட்டினார். பிறகு நான் பேசினேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அந்த வரி வந்தா எழுத்தின்ர ஓட்டம் உடைஞ்சுபோம், குணம்," என்றேன்.

இரண்டு கிழமை, போகவும் வரவும், வாதாடினோம். அவன் அசையவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனை இறக்கிவிட்டு, தேவண்ணை ஒரு பிளாசாவில் வானை நிறுத்தினார்.

"வானுக்குள்ள ஒற்றுமை வேணும். அவனை இனி ஏத்தாம விடுறதுக்கு வோட் எடுப்பம்," என்றார். "பொது விருப்பத்துக்கு ஒத்துவராத ஒருத்தனை ஒத்துவரப் பண்ணலாமெண்டு ஜெனீவாக்காரரே ஒத்துக்கொண்டவர்."

ஐந்து கைகள் உயர்ந்தன. என்னுடையது கடைசி. கடைசியாக உயர்த்தினேன் என்பதை ஒரு நற்சான்றிதழ்போலப் பல வருடம் வைத்திருந்தேன்.

குணத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் வழக்கமான இடத்தில், சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றான். நிற்காமல் போவதுதான் திட்டம். ஆனால் சிக்னல் சிவப்பாகிவிட்டது. தேவண்ணை கதவுகளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. குணம் வந்து கைபிடியை இழுத்தான். இழுத்தான். குனிந்து கண்ணாடிக்குள்ளே பார்த்தான். எங்கள் முகங்களுக்கு நடுவில் ஒரு சாண் இருக்கும். உள்ளிருந்து திறக்க எனக்கு ஒரு விரல் போதும். நான் பழக்கதோசத்தில் அவனைப் பார்த்துச் சிரித்தேன். பச்சை விழுந்தது.

செவ்வாயும் நின்றான். புதனன்று இல்லை. அந்த நேரத்துக்கு அஜக்ஸின் அந்த மூலைக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. மூன்று நாள் வராததால், தொழிற்சாலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டது.

நெடுங்காலத்துக்குப் பிறகு மில்லிக்கனில், ஒரு மரக்கறிக் கடை வாசலில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். நான் மன்னிப்புக்கு வாய் எடுத்தேன்.

"கதவைத் திறக்காதது பரவாயில்ல அண்ணன். வேலை போனா இன்னொரு வேலை," என்றான். "அண்டைக்கு என்னப் பாத்துச் சிரிச்சீங்களே. அது ஏனெண்டுதான் இண்டைக்கும் விளங்கயில்ல."

அக்காவின் மகள் திரும்பி வந்தாளா என்று கேட்டேன். "இல்ல," என்றான். காரிலிருந்து அவனுடைய மனைவி ஹோர்ன் அடித்தாள். போய்விட்டான்.

வான் எப்போதோ பழைய இரும்புக்கடைக்குப் போனது. தொழிற்சாலை இருந்த இடத்தில் பார்சல்கள் அடுக்குகிறார்கள். தேவண்ணை காலமாகி, அவருடைய நினைவுமலரில் சுதந்திர சிந்தனையாளர் என்று அச்சாகியிருக்கிறது. அதையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன்; ஓட்டம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். பத்மனுக்கு ஒரு கார், எனக்கு ஒரு கார். ஆளுக்கொரு காரில் தனிமனிதர்களாகப் போய்வருகிறோம், மறுத்துப் பேச ஒருவரும் இல்லாமல். அந்த அறிக்கையின் பிரதி ஒருவரிடமும் இல்லை.

ஒவ்வொரு ஆளும் என்பதைப் பற்றி இரண்டு கிழமை வாதாடினோம், சொன்னேன் அல்லவா. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று வானுக்குள் ஒருவரும் கேட்கவில்லை. மரக்கறிக் கடை வாசலிலும் நான் கேட்கவில்லை. குணம் எட்மன்டன் பக்கம் போய்விட்டானாம். என்னிடம் இருந்த அவனுடைய பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போன கிழமை அடித்துப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள். அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றாள்.