கீதா அக்காவின் நாலு மணி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கத்திவிட்டேன். சேலையூருக்கு வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் ஒருவரும் என் குரலை அந்த உயரத்தில் கேட்டதில்லை. காவலாளி முருகேசனை வேலையை விட்டு நிறுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அவர் நாற்காலி காலியாக இருந்ததாம். வாசல் கேமராவில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறதாம்.

"அஞ்சரைக்கெல்லாம் வந்து கேட்டாண்டதான் சார் குந்திகினு இருந்தேன். அது இன்னாவோ காட்டுது, அதுக்கு நான் இன்னா பண்ண?" என்றார் முருகேசன்.

செயலாளர் சிரித்தார். "கேமரா பொய் சொல்லுமா முருகேசா?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. "அந்தக் கேமராப் பொட்டியில இப்ப மணி என்ன காட்டுதுன்னு யாராவது பாத்தீங்களா சார்?" என்று எழுந்து நின்று கத்தினேன். எல்லோரும் காவலறைக்குப் போய்ப் பார்த்தோம். ஐம்பது நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவின் ஆறு மணி, உண்மையில் ஐந்து பத்து.

"அட, இதுக்குப் போயா சார் இவ்வளவு கோவம்?" என்றார் செயலாளர். முருகேசனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அந்தச் சின்ன அறையில் கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனைதான் என்னை மேற்குத் தாம்பரத்து மாடி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கேயும் மேஜைக்கு அடியில் பகலெல்லாம் கொசுவத்தி எரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பும் வேலை. அப்போது தெருவுக்கு ஒன்றாக அப்படி அலுவலகங்கள் முளைத்திருந்தன. அவர்கள் ஊர்க் காலை எட்டு மணிக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இருந்தது ஆறு கணினிகள். தினமும் கரண்ட் போகும். பழைய பேட்டரிகள் என்பதால் கரண்ட் திரும்பி வரும்போது கணினிகளுக்குத் தேதியும் மணியும் மறந்துபோயிருக்கும். காலையில் முதலில் வருகிறவர் ஒவ்வொன்றிலும் மணியைத் திருத்த வேண்டும். முதலில் வருகிறவன் நான்தான்.

சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடும். வீட்டில் எல்லோரும் சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று வைப்பார்களே, அதே வழக்கத்தை முதலாளி அலுவலகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். நாங்களும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். நான் அந்தக் கடிகாரத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன். வானொலிச் செய்தியோடு சரிபார்த்த என் கைக்கடிகாரம்தான் எனக்குப் பிரமாணம். மகன் பிறந்தபோது குழந்தையின் முகத்துக்கு முன்னால் மணியைப் பார்த்தவன் நான். வீட்டில் இன்றைக்கும் அதற்குத் திட்டு விழுகிறது.

கீதா அக்கா ஜன்னலோரக் கணினியில் உட்காருவார். பீர்க்கன்கரணையிலிருந்து வருவார், கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அந்தக் குடும்பத்துக்கு இந்த ஒரு வேலைதான். ஒரு மார்கழியில் அவருடைய கணினியில் வைரஸ் புகுந்து, யாரோ வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் வழக்கம்போல் மணியைத் திருத்தினேன். திரையில் மணி திருத்தும் அதே கட்டத்தில், எந்த ஊர் நேரம் என்று குறிக்கும் இன்னொரு பக்கமும் இருந்தது. அதில் ஓர் உலகப் படம். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் முதலாளி அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புகார்த் தாளோடு வந்தார். "ஏம்மா, மூணு நாளா உன் ஃபைல் எல்லாம் லேட்டாம். எட்டு மணிக்குப் போக வேண்டியது நாலு மணிக்குப் போயிருக்கு, பாரு."

"நாலு மணிக்குத்தான் சார் அனுப்பினேன். அவங்களுக்கு அப்ப விடியக்கூட இல்லையே!"

"அவங்க ஊரு சாயங்காலம் நாலும்மா! அமெரிக்காக்காரன் பொய் சொல்வானா?"

"அவங்களுக்குச் சாயங்காலம் நாலுன்னா நமக்கு மறுநாள் விடிகாலை அஞ்சரை சார். அப்ப ஆபீஸ் பூட்டியிருக்கும். சாவி உங்க வீட்டுல இருக்கும். நான் எப்படி சார் அனுப்புவேன்?"

இதைவிடத் தெளிவாக எந்த வக்கீல் பேச முடியும்? முதலாளி அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார். "மணியெல்லாம் கரெக்டா வெச்சியா?"

"நொடி பிசகாம வெச்சிருக்கேன் சார்."

கீதா அக்கா என்னைப் பார்த்தார். "நல்லா பாத்தியாப்பா?" என்றார். பார்த்தேன் என்றேன். அன்று மாலையே வேலை போய், டிபன் பாக்ஸையும், சொந்தமாக வாங்கி வைத்திருந்த ஹெட்ஃபோனையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் ஃபைல்களும் லேட். அப்போதுதான் அந்த உலகப் படத்தைத் திறந்தேன். புதிதாக ஏற்றியவர் ஊரை மாற்றாததால் எங்கள் கணினி அமெரிக்காவின் மேற்குக் கரையில் உட்கார்ந்திருந்தது. நான் திருத்தித் திருத்தி வைத்த நாலு மணியை அது கலிபோர்னியாவின் நாலு மணி என்று எடுத்துக்கொண்டு மின்னஞ்சலில் நேர முத்திரை குத்தியிருக்கிறது; அவர்கள் பார்த்தது அந்த முத்திரையைத்தான். கீழே இருந்த ஊர்ப் பட்டியலில் சென்னையின் பெயர்கூட இருந்தது. பத்து நிமிடத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தவன் பதின்மூன்றரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டிருந்தேன்.

முதலாளியிடம் ஓடினேன். "சரி பண்ணிட்டல்ல? விடு. வெளிய சொல்லிட்டுத் திரியாத" என்றார்.

அந்த ஞாயிறு பீர்க்கன்கரணைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. "பொண்ணுங்கள இட்டுகினு காலி பண்ணிட்டாங்கோ. எங்க போனாங்கன்னு தெரில" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அந்த மாடி இன்று இல்லை. இடித்துவிட்டு நகைக்கடை கட்டியிருக்கிறார்கள். இப்போதைய கணினிகள் மணியைத் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. உலகப் படத்தைத் திறந்து ஊரைத் தேடும் வேலை யாருக்கும் இல்லை. எது எத்தனை மணிக்கு நடந்தது என்று அன்றன்றைக்கு எழுதிவைத்த என் டைரிகள் மட்டும் வரிசை குலையாமல் அலமாரியில் இருக்கின்றன. கூட்டம் முடிந்து வந்து அந்த மார்கழியை எடுத்துப் பார்த்தேன். லேட் என்று முதலாளி சொன்ன மூன்று நாளும் என் கையெழுத்தில் ஒரே வரி: "4.00. கீதா அக்கா அனுப்பிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டார்."

முதலாளி என்னைக் கேட்டபோது அந்த டைரி என் மேஜை மேல்தான் இருந்தது.